சுரங்க நடைபாதைகள்: சில எப்போதும் நிறைந்திருக்க, சில ஏன் வெறிச்சோடிக் கிடக்கின்றன?

கேள்வி: நடைவழி

அனைவருக்கும் வணக்கம். பத்து ஆண்டுகளாக நான் அன்றாடம் இரண்டு சுரங்க நடைபாதைகள் வழியாகப் போய்வருகிறேன். ஒன்று, மெட்ரோ நிலையத்தின் பயணச்சீட்டுத் தளத்தில் தொடங்கி, இரண்டு அலுவலகக் கட்டடங்களின் அடித்தளங்களைத் தொட்டுக்கொண்டு, பேருந்து நிறுத்தத்துக்கு அருகே மேலே வந்து முடியும் நீண்ட பாதை. மற்றொன்று, அங்கிருந்து சற்றுத் தொலைவில், எட்டுத் தடச் சாலையைக் கடப்பதற்காக மட்டுமே தோண்டப்பட்ட குறுகிய பாதை. இரண்டிலும் ஒரே வகை ஓடுகள் பதிக்கப்பட்டுள்ளன; விளக்குகளும் ஒன்றுபோலவே இருக்கின்றன. ஆயினும் முதல் பாதையில் காலை ஏழு மணி முதல் இரவு வரை மனிதர் நடமாட்டம் ஓயாது. இரண்டாவதில் பட்டப்பகலிலேயே என் காலடி ஓசை எனக்குக் கேட்கும்.

அந்த இரண்டாவது பாதைக்கு மேலே, சாலை நடுவில் உள்ள தடுப்புச் சுவரைத் தாண்டி மக்கள் கடக்கிறார்கள். கையில் குழந்தையோடு தாண்டுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். இதைத் தடுக்கச் சுவரின் உயரத்தைக் கூட்டினார்கள். மக்கள் சுவர் முடியும் இடம்வரை நடந்து போய்க் கடக்கத் தொடங்கினார்கள். முழங்கால் வலியுள்ள என் தாயாருக்குச் சுவரும் ஆகாது, படிகளும் ஆகா. சாலையின் எதிர்ப்பக்கம் போவதற்காக மட்டும் அவர் வாகனம் பிடிக்க வேண்டியிருக்கிறது என்பது எனக்கு நெடுநாளாக உறுத்தும் விஷயம்.

இப்போது இதுபோன்ற பாதைகளை இன்னும் பல இடங்களில் அமைக்கப் போவதாகக் கருத்துக் கேட்கிறார்கள். நான் எழுத்தில் பதில் அனுப்ப விரும்புகிறேன். அதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியவை இரண்டு. ஒரே மாதிரி கட்டப்பட்ட இரு பாதைகளில் ஒன்று நிறைந்தும் மற்றொன்று வெறிச்சோடியும் இருக்கக் காரணம் என்ன? நடப்பவர்களைக் கீழே இறக்கிவிட்டால் மேலே உள்ள தெருவுக்கு என்ன ஆகிறது? துறை அறிவு உள்ளவர்களும், இத்தகைய நகரங்களில் வாழ்ந்தவர்களும் விரிவாக எழுதினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில்: தண்டவாளம்

நிலைய வடிவமைப்பில் பணிபுரிகிறவன் என்ற முறையில் உங்கள் முதல் கேள்விக்கு விடை சொல்ல முயல்கிறேன். ஓட்டையும் விளக்கையும் ஒப்பிட்டுப் பார்த்தீர்கள். ஒப்பிட வேண்டியது உயரத்தை. மெட்ரோவிலிருந்து இறங்குகிறவர் ஏற்கெனவே தரைக்குக் கீழே இருக்கிறார். அவர் ரயில் நிற்கும் தளத்திலிருந்து பயணச்சீட்டுக் கூடத்துக்கு ஏறிவந்து, அதே மட்டத்தில் நடந்து, தாம் போக வேண்டிய கட்டடத்துக்கு அருகில் ஒரே ஒரு முறை மேலே வருகிறார். அந்தப் பாதை அவரிடமிருந்து உயரம் எதையும் கூடுதலாகக் கேட்பதில்லை. மேலே உள்ள சிக்னல்களையும் தவிர்த்துக் கொடுக்கிறது. இரண்டாவது பாதைக்கு வருகிறவரோ தெருமட்டத்தில் இருக்கிறார், போக வேண்டிய இடமும் தெருமட்டத்திலேயே இருக்கிறது. வண்டிகள் நிற்காமல் போவதற்காக அவர் ஒருமுறை இறங்கி ஒருமுறை ஏற வேண்டும். ஒன்று பயணத்தின் தொடர்ச்சி, மற்றொன்று பயணத்தில் குறுக்கிடும் பள்ளம்.

இதைக் கணக்காகவும் பார்க்கலாம். தலைக்கு மேல் இரண்டரை மீட்டராவது இடைவெளி வேண்டும். அதன்மேல் கூரைப் பலகை, அதன்மேல் சாலையின் அடுக்குகள், இடையில் குடிநீர்க் குழாய்களும் மின்கம்பிகளும். இவை எல்லாம் சேர்ந்தால் பாதையின் தரை சாலையிலிருந்து ஏறக்குறைய 4 மீட்டர் கீழே அமையும். ஒரு படி 15 சென்டிமீட்டர் என்றால் 27 படிகள் இறங்கி 27 படிகள் ஏற வேண்டும். சக்கர நாற்காலிக்கான சாய்தளத்தை ஒன்றுக்குப் பன்னிரண்டு என்ற சரிவில் அமைத்தால், சரிவு மட்டுமே 48 மீட்டர் நீளும். இடையிடையே நின்று மூச்சு வாங்குவதற்கான சமதளங்களையும் சேர்த்தால் ஒவ்வொரு பக்கத்திலும் 50 மீட்டரைத் தாண்டிவிடும். சாலையோர நடைபாதையில் இவ்வளவு இடம் எங்கும் கிடைக்காது. ஆகவே சாய்தளம் வரைபடத்தில் தொடங்கி வரைபடத்திலேயே முடிந்துவிடுகிறது. நடைமேம்பாலம் இதைவிட மோசம், ஏனெனில் உயரமான லாரிகளுக்கு வழிவிட ஐந்தரை மீட்டருக்கு மேல் ஏற வேண்டும்.

இனி நேரம். 120 விநாடிச் சுழற்சி உள்ள சிக்னலில் நடப்பவர்களுக்கு 20 விநாடி பச்சை விளக்கு எரிகிறது என்று கொள்வோம். எந்த நொடியிலும் வந்து சேரக்கூடிய ஒருவர் சராசரியாகக் காத்திருக்கும் நேரம், சிவப்பு எரியும் 100 விநாடியின் வர்க்கத்தைச் சுழற்சியின் இரட்டிப்பால் வகுத்தால் கிடைக்கும்: ஏறக்குறைய 42 விநாடி. சுழற்சியை 90 விநாடியாகக் குறைத்தால் அது 27 விநாடியாகிவிடும். சுரங்கப்பாதையிலோ படிகளுக்கு மட்டும் அரை நிமிடம் ஆகும். அதன் வாசல், மக்கள் கடக்க விரும்பும் கோட்டிலிருந்து 30 மீட்டர் தள்ளி இருந்தால், போகவும் வரவும் 60 மீட்டர், அதாவது இன்னும் 50 விநாடி. சுவரைத் தாண்டுகிறவர்கள் சட்டத்தை மதிக்காதவர்கள் என்று எளிதாகச் சொல்லிவிடலாம். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். அவர்கள் தம் கால்களால் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்திருக்கிறார்கள்.

இந்த இரண்டாம் வகைப் பாதைகளைப் பல நகரங்கள் ஆர்வத்தோடு கட்டின. வியன்னாவின் ஓப்பர் பாசாஜ் 1955-இல் திறக்கப்பட்டபோது மின்படிக்கட்டுகளும் கடைகளும் கொண்ட பெருமைக்குரிய புதுமையாக அது கருதப்பட்டது. இங்கிலாந்தின் பர்மிங்காமில் 1971-இல் முடிந்த உள்வட்டச் சாலை, நடப்பவர்களைப் பல சந்திப்புகளில் தரைக்குக் கீழே தள்ளியது. அந்தச் சாலை நகர மையத்தின் கழுத்தை நெரிக்கும் கான்கிரீட் பட்டை என்று பெயர் வாங்கியது. பின்னாளில் அதன் பகுதிகளை உடைத்துத் தரைமட்டக் கடவைகளை மீண்டும் அமைத்தார்கள். லண்டனில் எலிஃபண்ட் அண்ட் காசில் வட்டச் சந்திப்பின் சுரங்கப்பாதைகளையும் மூடிவிட்டு, மேலேயே கடக்கும் வழியை ஏற்படுத்தினார்கள். ஆக்ஸ்ஃபோர்ட் சர்க்கஸ் சந்திப்பில் 2009-இல் மூலைவிட்டமாகவே கடக்கும் ஏற்பாடு வந்தது. அங்கே எல்லா வண்டிகளும் ஒரே நேரத்தில் நிற்க, மனிதர்கள் எந்தத் திசையிலும் போகலாம்.

பதில்: பனிக்காலம்

தண்டவாளம் அவர்கள் சொன்ன உயரக் கணக்கு சரியானது. ஆனால் மட்டத்தில் அமைந்த, கூட்டம் நிறைந்த பாதைகளிலும் ஒரு சிக்கல் உண்டு. அதை நான் கனடாவின் டொராண்டோவில் வேலை பார்த்த ஆண்டுகளில் கண்கூடாகக் கண்டேன்.

அங்குள்ள ‘பாத்’ என்னும் நிலத்தடி வலைப்பின்னல் 30 கிலோமீட்டர் அளவுக்கு நீள்கிறது. எழுபத்தைந்துக்கும் மேற்பட்ட கட்டடங்களை இணைக்கிறது. அதில் ஏறத்தாழ 1,200 கடைகள் உள்ளன. இதை யாரும் ஒரே திட்டமாக வரைந்து கட்டவில்லை. 1900-ஆம் ஆண்டு ஈட்டன் என்ற பல்பொருள் அங்காடி தன் பெரிய கட்டடத்தையும் அருகிலிருந்த மலிவு விற்பனைக் கட்டடத்தையும் இணைக்கச் சிறு சுரங்கம் ஒன்றை அமைத்தது. 1927-இல் யூனியன் ரயில் நிலையத்துக்கும் எதிரிலுள்ள ராயல் யார்க் விடுதிக்கும் இடையே ஒரு பாதை வந்தது. 1970-களில் அலுவலகக் கோபுரங்கள் எழ எழ, ஒவ்வொன்றும் தன் அடித்தளத்தைப் பக்கத்துக் கட்டடத்தோடு இணைத்துக்கொண்டது. 1987-இல்தான் மாநகர மன்றம் இவை அனைத்தையும் ஒருங்கிணைக்கும் பொறுப்பை ஏற்றது. இதனால் பாதை ஓரிடத்தில் அகலும், வேறோரிடத்தில் ஒடுங்கும். திடீரென்று நான்கு படிகள் வரும். திரும்பிய பிறகு வடக்கு எது என்று தெரியாது. பெயரிலுள்ள நான்கு ஆங்கில எழுத்துகளுக்கும் நான்கு நிறங்கள் கொடுத்து, சிவப்பு என்றால் தெற்கு, நீலம் என்றால் வடக்கு என்று திசை காட்டினார்கள். அப்படியும் முதல் மூன்று மாதங்கள் நான் வழி தவறிக்கொண்டே இருந்தேன். வெயிலும் நிழலும் கோபுரங்களும் இல்லாத இடத்தில் மனத்துக்குள் இருக்கும் வரைபடம் வேலை செய்வதில்லை. கைபேசியின் வரைபடமும் வானம் தெரியாத இடத்தில் தடுமாறும்.

கடும் குளிரில் அந்தப் பாதை எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதைச் சொல்லாமல் விட்டால் நன்றி மறந்தவனாவேன். ஆனால் அதன் பெரும்பகுதி தனியார் கட்டடங்களுக்குள் செல்வது. முப்பதுக்கும் மேற்பட்ட உரிமையாளர்கள் இருக்கிறார்கள். எப்போது திறப்பது, எப்போது மூடுவது, யார் உட்காரலாம், யாரை எழுப்பி வெளியே அனுப்பலாம் என்பதை அவர்களே தீர்மானிக்கிறார்கள். தெருவில் ஒருவர் காரணமின்றி நிற்கலாம். அங்கே காரணமின்றி நின்றால் சிறிது நேரத்தில் காவலாளி வந்துவிடுவார். சனி, ஞாயிறுகளில் பெரும்பாலான கடைகள் அடைத்திருக்கும். வாரநாளின் அலுவலகக் கூட்டத்தை மட்டுமே நம்பிய இடம் அது. 2020-இல் பெருந்தொற்றுக் காலத்தில் அலுவலகங்கள் வீட்டுக்குப் போனவுடன் அந்தக் கடைகள் நிலைகுலைந்தன.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். மேலுள்ள தெருவுக்கு என்ன ஆகும் என்பது, அந்த நகரத்தில் நடக்கிறவர்கள் மொத்தம் எத்தனை பேர் என்பதைப் பொறுத்தது. அதே கனடாவின் மாண்ட்ரியாலில் 1962-இல் பிளாஸ் வில் மாரி வளாகத்தோடு ‘நிலத்தடி நகரம்’ எனப்படும் பாதை வலைப்பின்னல் தொடங்கியது. 1966-இல் மெட்ரோ ஓடத் தொடங்கியபின் அது நிலையங்களைச் சுற்றி வளர்ந்தது. அங்கே ஊர்மக்கள் நடந்தும் ரயிலிலும் வந்துபோவதால், கீழே ஒரு கூட்டமும் மேலே ஒரு கூட்டமுமாக இரண்டுமே உயிர்பிழைத்தன. அதே மாண்ட்ரியாலுக்கு நகரத் திட்ட ஆலோசகராக இருந்த வின்சென்ட் பான்டே அமெரிக்காவின் டாலஸ் நகரத்துக்கும் நிலத்தடிப் பாதைகளை வகுத்துக் கொடுத்தார். டாலஸில் எல்லாரும் காரில் வந்து காரில் போகிறவர்கள். நண்பகல் உணவு நேரத்தில் மட்டும் தெருவில் இறங்கிய கொஞ்ச நஞ்ச மனிதர்களும் கீழே போய்விட, மேலே இருந்த கடைகளுக்கு யாரும் மிஞ்சவில்லை. அந்தச் சுரங்கங்களில் சிமெண்ட் ஊற்றி அடைத்துவிட விரும்புவதாக அந்நகர மேயராக இருந்த லாரா மில்லரே 2005-இல் வெளிப்படையாகச் சொன்னார். வகுத்தவர் ஒருவரே, ரயில் இருந்த ஊரில் அது ஒரு விதமாகவும், ரயிலை நம்பாத ஊரில் வேறு விதமாகவும் முடிந்தது. நடக்கிறவர்கள் குறைவாக உள்ள இடத்தில் அவர்களை இரண்டு மட்டங்களாகப் பிரிப்பது, ஒரே விளக்கின் எண்ணெயை இரண்டு அகலில் ஊற்றுவதைப் போன்றது.

பதில்: கடைமுனை

நான் துறை வல்லுநன் அல்லன். என் தந்தை ஒரு சுரங்கப்பாதையில் பதினெட்டு ஆண்டுகள் செய்தித்தாள், பேனா, பூட்டுச்சாவி விற்கும் சிறு கடை வைத்திருந்தார். பள்ளி விடுமுறைகளில் நானும் அங்கே உட்கார்ந்திருக்கிறேன். அந்த அனுபவத்திலிருந்து எழுதுகிறேன்.

பாதையின் நடுப்பகுதியில் கடை வைத்தால் விற்பனை இராது. அங்கே எல்லாரும் வெளிச்சத்தைப் பார்த்தபடி வேகமாகப் போவார்கள். படிக்கட்டு தொடங்கும் இடத்தில்தான் மனிதர் நடையைக் குறைப்பார். பையை ஒரு தோளிலிருந்து மறு தோளுக்கு மாற்றுவார். மழை பெய்கிறதா என்று மேலே பார்ப்பார். எங்கள் கடை அங்கேதான் இருந்தது. மழை வலுத்துவிட்டால் அந்த இடமே ஒரு சிறிய சந்தையாகிவிடும். அடுத்த ரயில் எப்போது என்று கேட்பவர்கள், எந்தப் படியில் ஏறினால் மருத்துவமனைக்குப் போகலாம் என்று கேட்பவர்கள், கைப்பையைத் தவறவிட்டுத் திரும்பி வருபவர்கள் என எல்லாரும் தந்தையிடம்தான் வருவார்கள். இரவு ஒன்பது மணிக்கு மேல் தனியாக வரும் பெண்கள் சிலர், தாம் படியேறி முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருக்கும்படி அவரிடம் சொல்லிவிட்டுப் போவார்கள். அவரும் எழுந்து நின்று, அவர்கள் மேலே போய்க் கையசைத்த பிறகே உட்காருவார். இதற்காக அவருக்கு யாரும் சம்பளம் கொடுக்கவில்லை.

பின்னர் ஒருநாள் நெரிசலைக் குறைப்பதாகச் சொல்லி எல்லாக் கடைகளையும் அகற்றினார்கள். பாதை சுத்தமாகவும் அகலமாகவும் ஆனது. ஆறு மாதத்துக்குள் பாதி விளக்குகள் எரியவில்லை. எரியவில்லை என்று சொல்வதற்கு அங்கே ஆளும் இல்லை. கடைகள் இருந்தபோது விளக்கு அணைந்தால் அன்றே புகார் போகும், ஏனெனில் வெளிச்சம் போனால் எங்கள் பிழைப்பும் போய்விடும். கண்காணிப்புக் கேமரா நடந்து முடிந்ததைப் பதிவு செய்யும், எழுந்து நிற்காது.

பாரிஸ் மெட்ரோவில் இசைக்கலைஞர்களைத் தேர்ந்தெடுத்து அனுமதி அட்டை கொடுக்கும் வழக்கம் 1997-இல் தொடங்கியது. லண்டன் சுரங்க ரயில் நிலையங்களிலும் 2003-இல் உரிமம் பெற்ற இசைக்கலைஞர்களுக்கு அரைவட்டக் குறியிட்ட இடங்களை ஒதுக்கினார்கள். அந்த நகரங்கள் இதை ஏன் செய்தன என்பது எனக்குப் புரிகிறது. ஒரு பாதையில் ஒரு மனிதர் தங்கியிருந்தால், கடந்து போகிற நூறு பேருக்கும் அது வழியாகத் தோன்றும். தங்குவதற்கு யாருமே இல்லையென்றால் அது குழாயாகிவிடும். நீங்கள் சொல்லும் இரண்டாவது பாதையில் அன்றாடம் உட்கார்ந்திருக்கும் ஒருவரேனும் உண்டா என்று பாருங்கள்.

பதில்: வெண்கோல்

எனக்குப் பிறவியிலிருந்தே பார்வை இல்லை. இந்த உரையாடலில் சாலையைக் கடக்கும் சுரங்கப்பாதையைப் பற்றி எல்லாரும் குறையாகவே பேசியிருப்பதால், என் பக்கத்தையும் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது.

ஒலி எழுப்பாத சிக்னலும் நல்ல சுரங்கப்பாதையும் எதிரெதிரே இருந்தால் நான் சுரங்கப்பாதையைத்தான் தேர்ந்தெடுப்பேன். அகன்ற சாலையில் நேர்கோட்டில் கடப்பது எனக்குக் கடினம். பாதி தூரத்தில் சற்றுக் கோணினாலும் வண்டிகளின் நடுவே போய்விடுவேன். மின்சார வாகனங்கள் ஓசையில்லாமல் வருவதால் இந்த அச்சம் இப்போது கூடியிருக்கிறது. கீழே எனக்கு இரண்டு சுவர்கள் உண்டு. கோலின் தட்டல் சுவரில் பட்டுத் திரும்பும் விதத்திலிருந்தே வளைவு வருகிறதா, பக்கத்தில் வழி திறக்கிறதா என்று அறிவேன். வாசல் நெருங்குவதை முகத்தில் படும் காற்று சொல்லிவிடும்.

ஆனால் பாதை எந்த இடத்தில் பிரிகிறது, எந்த வாசல் எங்கே போய்ச் சேருகிறது என்பதைக் காற்று சொல்லாது. தரையில் புள்ளிகளும் கோடுகளும் புடைத்திருக்கும் தொடுகை ஓடுகளை ஜப்பானின் செய்இச்சி மியாக்கே 1965-இல் உருவாக்கினார்; 1967-இல் ஒக்கயாமா நகரத்தில் அவை முதன்முதலாகப் பதிக்கப்பட்டன. நீளக் கோடு என்றால் போகலாம், புள்ளிகள் என்றால் நில் என்ற அந்த எளிய மொழி இன்று உலகெங்கும் புரிகிறது. அந்த ஓடுகளின்மேல் விளம்பரப் பலகையையோ சரக்குப் பெட்டியையோ வைத்துவிட்டால், எழுதிய பக்கத்தின்மேல் மையைக் கொட்டியதைப் போல் ஆகிவிடுகிறது. கடைமுனை அவர்களின் தந்தையைப் போன்றவர்கள் எனக்கும் உதவியிருக்கிறார்கள். கடைகள் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பொருள்கள் கடையின் கோட்டுக்குள் இருக்கட்டும் என்பதே என் வேண்டுகோள்.

இன்னொன்றும் உண்டு. ஹாங்காங் மெட்ரோவில் ஒவ்வொரு வாசலுக்கும் ஓர் எழுத்தோ, எழுத்தும் எண்ணும் சேர்ந்ததோ பெயராக இருப்பதால், சந்திக்க வேண்டிய இடத்தை நண்பரிடம் ஒரே சொல்லில் சொல்லிவிடலாம். அந்த எழுத்தைப் படிக்கட்டுக் கைப்பிடியின் தொடக்கத்தில் பிரெயிலிலும் பொறித்துவைத்தால், ஏறத் தொடங்கும் முன்பே இது என் வாசலா என்று கை அறிந்துகொள்ளும். தவறான வாசலில் ஏறி மேலே போய், மீண்டும் இறங்கி வருவதில் எத்தனை நாள் எத்தனை நேரம் எனக்குப் போயிருக்கிறது என்பதை எண்ணிப் பார்த்ததில்லை. நடைவழி அவர்கள் தம் கடிதத்தில் இதைச் சேர்த்தால் மகிழ்வேன். செலவு மிகக் குறைவு.

பதில்: தண்டவாளம்

கடைமுனை அவர்களின் பதிவை இரண்டு முறை படித்தேன். அவர் சொல்வதில் எனக்கு முழு உடன்பாடு உண்டு. ஆயினும் கடைகளை அகற்றிய பொறியாளரின் கவலையையும் சொல்ல வேண்டியிருக்கிறது.

இரு திசைகளிலும் ஆள் நடக்கும் பாதையில், ஒரு மீட்டர் அகலத்துக்கு நிமிடத்துக்கு 40 பேர் என்பது லண்டன் சுரங்க ரயில் வடிவமைப்பில் கொள்ளப்படும் அளவு. சுவரை ஒட்டி யாரும் நடப்பதில்லை என்பதால் இருபக்கமும் 30 சென்டிமீட்டரைக் கழித்துவிட வேண்டும். நான்கு மீட்டர்ப் பாதை என்றால் பயன்படுவது 3.4 மீட்டர்; நிமிடத்துக்கு 136 பேர் வசதியாகப் போகலாம். ஒரு மீட்டர் அகலத்தில் கடையை வைத்துவிட்டால் அது 96 ஆகிவிடும். மக்கள் சீராக வருவதும் இல்லை. ஒரு ரயில் ஆயிரம் பேரை ஒரே நேரத்தில் இறக்கிவிடும். அவர்கள் அனைவரும் அந்த ஒரே பாதையில் திரும்பினால், 136 என்ற அளவிலேயே அது வடிய ஏழு நிமிடத்துக்கு மேலாகும், அதற்குள் அடுத்த ரயில் வந்துவிடும். எனவே கடைகளுக்கு வழியில் இடம் கொடுக்காமல், சுவரைக் குடைந்து தனி மாடங்களாக அமைக்க வேண்டும். அதைக் கட்டும்போதே செய்துவிட வேண்டும், பின்னால் செய்ய முடியாது. பெரும்பாலான வரைபடங்களில் அது விடுபட்டுப் போகிறது. பிறகு மக்கள் தாமே கடை வைக்கிறார்கள், பிறகு அகற்றப்படுகிறார்கள்.

இரண்டாவது கவலை நெருப்பும் நீரும். 1980-ஆம் ஆண்டு ஆகஸ்டில் ஜப்பானின் ஷிசுவோக்கா ரயில் நிலையத்துக்கு எதிரிலிருந்த நிலத்தடி அங்காடியில் எரிவாயு வெடித்து 15 பேர் இறந்தார்கள். அதன்பின் அந்நாட்டில் புதிய நிலத்தடி அங்காடிகளுக்கான விதிகள் மிகக் கடுமையாயின. 1987-ஆம் ஆண்டு நவம்பரில் லண்டனின் கிங்ஸ் கிராஸ் நிலையத்தில் மர மின்படிக்கட்டின் அடியில் தொடங்கிய தீ, சரிவான அந்தக் குழிவழியே மேலேறிப் பயணச்சீட்டுக் கூடத்தைத் தாக்கி 31 உயிர்களைப் பறித்தது. தரைக்குக் கீழே புகையும் மனிதரும் ஒரே படிக்கட்டைத் தேடித்தான் ஓடுகிறார்கள். இதனால்தான் ஒரே வாசல் உள்ள நீண்ட முட்டுச்சந்தை நாங்கள் ஒருபோதும் ஏற்பதில்லை. 1999-இல் ஃபுக்குவோக்காவின் ஹக்காத்தா நிலையப் பகுதியில் பெருமழை நீர் தெருவிலிருந்து அடித்தளங்களுக்குள் பாய்ந்தபோது, அடித்தளத்தில் சிக்கிய ஒருவர் உயிரிழந்தார். சில நிலையங்களின் வாசலில் முதலில் மூன்று படிகள் ஏறிப் பிறகு இறங்க வேண்டியிருப்பதைப் பார்த்துப் பலர் எரிச்சலடைவார்கள். வெள்ளம் அந்த மூன்று படிகளைத் தாண்டினால்தான் கீழே வரமுடியும். சக்கர நாற்காலிக்கு அதே படிகள் தடை என்பதால், அங்கே சிறு சரிவும் தேவை.

பதில்: நடைவழி

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. உங்கள் பதில்களைப் படித்தபின் நேற்று மாலை இரண்டு பாதைகளையும் அளந்து பார்த்தேன். முதல் பாதையில் பயணச்சீட்டுக் கூடத்திலிருந்து பேருந்து நிறுத்தம்வரை ஒரே ஏற்றம்தான், அதற்கும் மின்படிக்கட்டு உண்டு. இதுவரை அதை நான் கவனித்ததே இல்லை. இரண்டாவது பாதையில் 29 படிகள் இறக்கம், 31 படிகள் ஏற்றம். லிஃப்ட் ஒரே ஒரு பக்கத்தில் இருக்கிறது. அதாவது என் தாயார் இறங்கலாம், ஏற முடியாது. கடைமுனை அவர்கள் கேட்டபடி யாராவது அங்கே உட்கார்ந்திருக்கிறார்களா என்றும் பார்த்தேன். யாரும் இல்லை, உட்கார ஒரு திண்ணையும் இல்லை.

கடிதத்தை இரண்டு பகுதிகளாக எழுதிவிட்டேன். மெட்ரோ கூடத்தோடு ஒரே மட்டத்தில் இணையும் பாதைகளை நீட்டுங்கள், ரயில் ஓடும் நேரம் முழுவதும் அவை பூட்டப்படாமல் இருக்கட்டும், கடைமாடங்களை இப்போதே வரைபடத்தில் சேருங்கள், கைப்பிடியில் வாசல் எழுத்தைப் பொறியுங்கள் என்பது ஒரு பகுதி. சாலையைக் கடப்பதற்கு மட்டும் புதிய சுரங்கம் தோண்ட வேண்டாம், ஒலியெழுப்பும் சிக்னலோடு மேலேயே வழி கொடுங்கள் என்பது மற்றது. எட்டுத் தடச் சாலையை ஒரே பச்சையில் கடக்க முடியாது என்று அவர்கள் பதில் சொல்லக்கூடும். அதற்கு என்ன எழுதலாம் என்று தண்டவாளம் அவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

பதில்: தண்டவாளம்

எட்டுத் தடங்கள், ஒவ்வொன்றும் மூன்றரை மீட்டர் என்றால் மொத்தம் 28 மீட்டர். விநாடிக்கு 1.2 மீட்டர் நடப்பவருக்கு 23 விநாடி போதும். உங்கள் தாயார் விநாடிக்கு 0.8 மீட்டர் நடப்பார் என்று கொண்டால் 35 விநாடி வேண்டும். அதை ஒரே பச்சையில் கொடுக்க மறுத்தால், நடுவில் குறைந்தது இரண்டு மீட்டர் அகலத் திட்டு ஒன்றைக் கேளுங்கள். சக்கர நாற்காலியும் அதைத் தள்ளுகிறவரும் நிற்க அதற்குக் குறைந்து ஆகாது. இரண்டு பாதிகளுக்கும் பச்சை விளக்கு அடுத்தடுத்து எரியும்படி அமைக்க வேண்டும் என்பதையும் தனியாக எழுதுங்கள். இல்லாவிட்டால் அவர் வண்டிகளுக்கு நடுவே நூறு விநாடி காத்து நிற்க நேரும். லிஃப்ட் ஒரு பக்கம் மட்டும் இருப்பதைப் புகைப்படத்தோடு இணைத்து அனுப்புங்கள்.